நட்சத்திரம் ஏன் அப்பளமானது? டிசம்பர் குக்கீக் கோளாறுகளும் கைவைத்தியமும்

டிசம்பர் இரண்டாம் வாரம் வந்தால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு ஏறிவிடும். அதே வாரத்தில் என் போனுக்குப் படங்களும் வரத் தொடங்கும். தட்டு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய குக்கீ, தொப்பிச் சிவப்பு தாடியில் இறங்கிய கிறிஸ்துமஸ் தாத்தா, அடி கருகிய மணி. படத்துக்குக் கீழே ஒரே கேள்வி: "அக்கா, எங்க தப்பு பண்ணேன்?"

பெரும்பாலும் அவர்கள் தப்புப் பண்ணியிருக்க மாட்டார்கள். செய்முறை எழுதியவரின் ஊர் வேறு, அவ்வளவுதான். "வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்கட்டும்" என்று எழுதியவரின் அறையில் 20 டிகிரி. நமக்கு டிசம்பர் மத்தியானத்திலேயே 29 டிகிரி வரும். அடுப்பு எரிகிற சமையலறையில் அதற்கும் மேல். அங்கே குளிர்காலம் என்றால் ஹீட்டர் போட்ட வறண்ட வீடு. இங்கே மழை விட்டும் விடாத மார்கழி, போதாததற்குக் கடல்காற்று. அதனால் இனி சொல்லப்போகும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இரண்டே காரணம்தான்: வெண்ணெய் இளகிவிட்டது, அல்லது சர்க்கரை ஈரம் குடித்துவிட்டது. உங்கள் வீட்டில் என்ன ஆனதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

முதலில் என் அளவு, ஒப்பிட்டுப் பார்க்க. மைதா 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, பால் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன், வனிலா கொஞ்சம். வாசனை பிடிக்கும் என்றால் சுக்குப்பொடியும் பட்டைப்பொடியும் அரை ஸ்பூன். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். ஆவின் சமையல் வெண்ணெய் போல உப்பில்லாதது என்றால் ஒரு சிட்டிகை. அரை சென்டிமீட்டர் கனத்தில் வெட்டினால் 25லிருந்து 30 வரை வரும். 170 டிகிரியில் 12 நிமிடம். வெள்ளைக் கருவைக் கொட்டிவிடாதீர்கள், ஐசிங்குக்கு வேண்டும்.

பரவி அப்பளமாகிவிட்டது

அதிகம் வருகிற புகார் இதுதான். ஐந்து முனை நட்சத்திரம் உள்ளே போய், வட்டமாக வெளியே வரும். ஓரம் மெல்லிசாகப் பழுத்திருக்கும், நடுவில் வெளுப்பு, அடியில் எண்ணெய்ப் பிசுக்கு.

வெண்ணெய் குளிர்ச்சியாக இருந்தால், சூடு பட்டு அது உருகுவதற்குள் மாவு வெந்து நிலைத்துவிடும். ஏற்கெனவே இளகியிருந்தால் மாவு நிலைப்பதற்கு முன்பே ஓடிவிடும். ஆகவே முதலில் வெண்ணெயைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். விரல் மினுமினுக்கக் கூடாது. மினுமினுத்தால் கடந்துவிட்டது என்று அர்த்தம். நம் சமையலறையில் சின்னத் துண்டுகளாக நறுக்கிய வெண்ணெய் இந்தப் பதத்துக்கு வரப் பத்து நிமிடம் போதும். காலையிலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் முடிந்தது கதை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூரில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி. அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. டிசம்பர் முழுக்க அந்த வீட்டில் வெண்ணெய் வாசனைதான். நான் மாவு திரட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். "வேர்க்குது பாரு, உள்ளே வை" என்பார். எனக்கு வேர்க்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மாவைச் சொல்லியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் தெரியும்: மாவின் மேல்தோல் மங்கலாக, சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும் வரை சரி. அதன் மேல் ஒரு பளபளப்பு ஏறியதுமே கையை எடுத்துவிட வேண்டும். பத்து நிமிடம் ஃப்ரிட்ஜ், அப்புறம் மேலே வேலை.

இப்போது நான் செய்கிற முறை: மாவைச் சேர்த்ததுமே, உருண்டையாக ஃப்ரிட்ஜில் வைக்காமல், இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிடுவேன். தட்டை தட்டுவதற்காகப் பிரித்துக் கழுவி வைத்திருக்கும் பால் கவர் இருக்கிறதே, அது போதும். இரண்டு பக்கமும் ஒரே கனமுள்ள இரண்டு மர ஸ்கேலை வைத்து, அவற்றின் மேல் பூரிக்கட்டையை உருட்டினால் கனம் எங்கும் ஒன்றாக வரும். அந்தத் தகட்டை அப்படியே தட்டோடு ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். பிறகு வெட்டி, தட்டில் அடுக்கி, மறுபடி ஃப்ரீஸரில் பத்து நிமிடம். இரண்டு தடவை குளிர வைப்பது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் வெட்டி எடுத்து அடுக்குகிற அந்த ஐந்து நிமிடத்தில், நம் கைச்சூட்டிலேயே ஓரங்கள் இளகிவிடுகின்றன.

வெண்ணெயில் குறையில்லை, ஆனாலும் பரவுகிறதா? இரண்டாம் ஈட்டைச் சுடச்சுட இருந்த தட்டிலேயே வைத்தீர்களா என்று பாருங்கள். முதல் ஈடு ஒழுங்காக வந்து இரண்டாவது மட்டும் பரவினால் காரணம் இதுதான். இரண்டு தட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தட்டைத் திருப்பிப் போட்டுக் குழாய்த் தண்ணீர் காட்டி, துடைத்துவிட்டு அடுக்குங்கள். அதுவும் இல்லையென்றால் சர்க்கரையையும் ஆப்பசோடாவையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் கூடினால் பரவும். எதுவானாலும் முதலில் ஒரே ஒரு குக்கீயைச் சுட்டுப் பாருங்கள். பரவினால் மீதி மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்துக் குளிரவைக்கலாம்.

பரவியே வெளியே வந்துவிட்டதா? அடுப்பிலிருந்து எடுத்த உடனே, கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே, அதே கட்டரை மேலே வைத்து அழுத்துங்கள். ஒரு நிமிடம்தான் அவகாசம். நட்சத்திரம் திரும்பக் கிடைத்துவிடும், ஓரத்துண்டு பிள்ளைகளுக்கு.

கல்லாகிவிட்டது

இது பெரும்பாலும் சப்பாத்தி நன்றாகப் பிசைகிறவர்களுக்கு வரும். சப்பாத்திக்கு அழுத்திப் பிசையப் பிசைய மென்மை. குக்கீக்கு நேர் எதிர். மைதாவில் ஈரம் பட்டுப் பிசைந்தால் பசைத்தன்மை இழுபட்டு வலுவாகும். பரோட்டாவுக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம். மைதா போட்டபின் விரல்நுனியால் கூட்டிச் சேர்த்து, வெள்ளை மாவு தெரியாத நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் திரட்டி ஒரு முறை தேய்க்கலாம், இரண்டாம் முறையும் பரவாயில்லை. மூன்றாவது தடவை தேய்த்தது நமக்கு, விருந்தாளித் தட்டுக்கு வேண்டாம்.

இன்னொரு காரணம் கப். மைதா டப்பாவில் கப்பை முக்கி அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். ஸ்பூனால் லேசாகப் போட்டு நிரப்பினால் அதே கப்பில் 125 கிராம்தான். இரண்டு கப்புக்கு 50 கிராம் வித்தியாசம் என்றால் குக்கீ எப்படி மிருதுவாக வரும்? பருத்திப் புடவைக்குச் செலவு செய்கிறோம், சமையல் தராசு ஒன்று வாங்குவதில் தப்பில்லை.

அப்புறம், வெளியே எடுக்கும்போது குக்கீ கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் ஆறியபின் பல் உடையும். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். ஆறும்போது தானாக இறுகும்.

ஏற்கெனவே கல்லாகிவிட்டதை டீயில் நனைத்துச் சாப்பிடலாம். இல்லையென்றால் மிக்ஸியில் பொடித்து, புட்டிங்குக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

தேய்க்கும்போதே உதிர்கிறது

ஈரம் போதவில்லை, அல்லது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே தேய்க்கிறீர்கள். ஐந்து நிமிடம் வெளியே வைத்துப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் பாலை ஒரு டீஸ்பூன் தெளித்துத் திரட்டுங்கள். ஒரு டீஸ்பூன் என்றால் ஒன்றுதான். கரண்டியால் ஊற்றினால் மேலே சொன்ன கல் கதை.

அடி கருப்பு, மேல் வெள்ளை

வீட்டு ஓடிஜி அடுப்பில் (சின்ன மின்சார அவன்) அடிக்கம்பிதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. சுவிட்ச் மேல், கீழ் இரண்டு கம்பிக்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தட்டை நடு அடுக்கில் வையுங்கள். தட்டு கறுப்பு நிறமாக இருந்தால் சூட்டை வேகமாக இழுக்கும். அதன் கீழே இன்னொரு தட்டைச் சேர்த்து இரட்டையாக வைத்தால் அடி தப்பிக்கும்.

அடுத்த சந்தேகம் டயல். 170 என்று காட்டும், உள்ளே 200 இருக்கும். தனியாக அவன் தெர்மாமீட்டர் வாங்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும். ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, நன்றாகச் சூடேற்றிய அவனில் டயலை 175ல் நிறுத்தி 15 நிமிடம் வையுங்கள். உருகினால் உங்கள் அவன் டயலைவிடச் சூடு அதிகம். இனிமேல் 15, 20 டிகிரி குறைத்தே வையுங்கள். உருகவில்லை என்றால் 190ல் வைத்துப் பாருங்கள். அதிலும் உருகாமல் இருந்தால் சூடு குறைவு. கிண்ணத்தைக் கையால் தொட்டுவிடாதீர்கள். உருகிய சர்க்கரை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

சாயங்காலம் மட்டும் குக்கீ வெளுத்து வருகிறது, காலையில் நன்றாக வருகிறது என்றால் உங்கள் கையில் குற்றமில்லை, வோல்டேஜ். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரில் எண் தெரியும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும்போது சில நாள் 190க்கு இறங்கும். 230க்குப் பதில் 190 வந்தால் கம்பியின் சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன்கூட்டிச் சூடேற்ற 10 நிமிடம் என்று எழுதியிருந்தால் அன்றைக்கு 20 நிமிடம் விடுங்கள், கதவை அடிக்கடி திறக்காதீர்கள். நான் அந்தத் தொல்லையே வேண்டாமென்று காலை பால் காய்ச்சிய கையோடு சுட்டுவிடுகிறேன். மாவும் அந்த நேரத்தில் வேர்க்காது. அவனை 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு அது இளகிப்போன வீட்டை நேரில் பார்த்திருக்கிறேன்.

அவன் இல்லாதவர்கள் குக்கரில் சுடலாம். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடேற்றி, சிறுதீயில் 20 நிமிடத்துக்கு மேல். மேல்பக்கம் பொன்னிறம் வராது, எதிர்பார்க்காதீர்கள். அடி பார்த்து எடுங்கள். ஐசிங் போட்டால் மேல்பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது?

தாளோடு ஒட்டிக்கொண்டது

கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் பல சமயம் சாப்பாடு மடிக்கிற தாளைத்தான் தருவார்கள். அது சூட்டில் ஒட்டும், சில சமயம் புகையும். பேக்கிங் தாள் என்றோ பார்ச்மென்ட் என்றோ கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் தட்டில் வெண்ணெய் தடவி மைதா தூவினாலே போதும்.

சோப்பு போல ருசி

ஆப்பசோடா அதிகமாகிவிட்டது. செய்முறையில் பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் என்று இருக்கும். மளிகைக்கடையில் இருப்பது ஆப்பசோடா, அதையே ஒரு டீஸ்பூன் போட்டிருப்போம். சோடாவுக்கு அதைவிட மூன்று நான்கு மடங்கு வீரியம். குக்கீ பழுப்பாகி, நாக்கில் சோப்பு ருசி ஒட்டும். இதற்கு மருந்து கிடையாது, அடுத்த தடவை கவனிக்க வேண்டியதுதான். கட்டரால் வெட்டுகிற குக்கீக்கு உண்மையில் இரண்டுமே தேவையில்லை. குக்கீ உப்பிக்கொண்டால் உருவம் கெடும்.

வெண்ணெய் சர்க்கரையோடு சேராமல் திரிந்து நிற்கிறது

இது கரன்ட் போய்வந்த வீட்டின் கோளாறு. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஃப்ரிட்ஜில் குக்கீக்கென்று வாங்கிவைத்த ஒரு கிலோ வெண்ணெய் உருகி, கரன்ட் வந்ததும் மறுபடி உறைந்தது. பார்க்க முன்போலவே கட்டியாகத்தான் இருந்தது. சர்க்கரை போட்டு அடித்தால் மணல் மணலாக நின்றதே தவிர வெளுத்துப் பொங்கவில்லை. வெண்ணெய் என்பது கொழுப்புக்குள் நுண்ணிய நீர்த்துளி கலந்து நிற்பது. ஒரு முறை முழுதாக உருகினால் தண்ணீர் பிரிந்துவிடும். திரும்ப உறைந்தாலும் பழையபடி காற்றைப் பிடித்துக்கொள்ளாது. புளித்த வாடை இல்லையென்றால் காய்ச்சி நெய்யாக்கிவிடுங்கள். நெய் பிஸ்கட்டுக்கு ஆகும். எனக்கு அந்த வருடம் கட்டர் வேலையே இல்லை.

மறுநாள் நமுத்துவிட்டது

சுட்டதைச் சூடு ஆறும் முன் டப்பாவில் போட்டால் அதன் ஆவியே அதைக் கெடுக்கும். நன்றாக ஆறவைக்கிறேன் என்று இரவெல்லாம் திறந்து வைத்தால் கடல்காற்றின் ஈரம் கெடுக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க்காரர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் இடைவெளி சின்னது: கைக்குச் சூடு தெரியாத நிலை வந்த உடனே, ஒரு மணி நேரத்துக்குள், இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்குள் போய்விட வேண்டும். எவர்சில்வர் தூக்கைவிட ரப்பர் வளையம் வைத்த டப்பா நல்லது. கேக்கையும் குக்கீயையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். கேக்கின் ஈரம் முழுக்க குக்கீக்குப் போய்விடும்.

நமுத்ததை மீட்கலாம். ஐசிங் போடாத குக்கீயை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி, ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். ஐசிங் போட்டுவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. நிறம் மங்கி வெடித்துவிடும். அதனால் ஐசிங் போடுவதற்கு முன்பே கடித்துப் பாருங்கள்.

ஐசிங் ஓடுகிறது, காயவில்லை, வண்ணம் கலங்குகிறது

ஒரு முட்டையின் வெள்ளைக் கரு சுமார் 30 கிராம். அதற்கு ஐசிங் சர்க்கரை 150லிருந்து 175 கிராம், எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு. பச்சை முட்டை என்பதால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயதானவர்களுக்கும் போகிற தட்டுக்கு இதை வைக்காதீர்கள்; அவர்களுக்குக் கடையில் கிடைக்கும் மெரிங்கு பவுடரில் (பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக் கருப் பொடி) கலக்கியது பாதுகாப்பு. பாலும் ஐசிங் சர்க்கரையும் குழைக்கிற முறையும் இருக்கிறது, ஆனால் நம் காற்றில் அது கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். தட்டு தட்டாக அடுக்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதற்கு ஆகாது.

அடித்தும் கெட்டிப்படவில்லை என்றால் கிண்ணத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, அல்லது மஞ்சள் கரு ஒரு துளி விழுந்திருக்கிறது. கொழுப்பு பட்டால் வெள்ளைக் கரு நுரைக்காது. தேங்காய்ச் சட்னி அரைத்த ஜாரில் சர்க்கரை பொடித்தாலும் இதே கதை. கிண்ணத்தை எலுமிச்சைத் தோலால் ஒரு முறை துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பதம்தான் இதில் எல்லாமே. ஓரம் கட்டுவதற்கு இட்லி மாவை விடக் கெட்டி. உள்ளே நிரப்புவதற்கு தோசை மாவு. கத்தியால் நடுவில் ஒரு கோடு கிழித்தால் 10, 15 எண்ணுவதற்குள் கோடு மறைந்தால் அது நிரப்புகிற பதம். ஐந்திலேயே மறைந்தால் ஓரம் தாண்டி வழியும். ஒரு ஸ்பூன் ஐசிங் சர்க்கரை சேருங்கள். தண்ணீரைச் சொட்டு சொட்டாகத்தான் விட வேண்டும். அரை டீஸ்பூனில் இட்லி மாவு ரசமாகிவிடும்.

மார்கழியில் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த வேலை தெரிந்ததுதான். மாக்கோலம் இழுக்கும்போது மாவில் நனைத்த துணியைப் பிடித்த கை தரையைத் தேய்க்காது. இழை விரலிலிருந்து இறங்கித் தானாகப் படியும். ஐசிங்கும் அப்படித்தான். கோடு இழுக்கும்போது கோனின் முனை குக்கீயைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் ஆரம்பித்து, அரை அங்குலம் உயர்த்தி, நூலை இழுப்பது போல இழுத்து, முடிக்கிற இடத்தில் இறக்க வேண்டும். முனையால் கீறிக்கொண்டே போனால்தான் கோடு நடுங்குகிறது. என் மாமியாருக்கு அவன் அடுப்பைப் பார்த்தாலே பயம். ஆனால் முதல் தடவை மருதாணி கோன் போல ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தபோது, நட்சத்திரத்தின் ஐந்து முனையையும் கை எடுக்காமல் சுற்றிவிட்டார். நடுவில் ஒரு புள்ளி வேறு வைத்தார், பழக்கதோஷம்.

முனை அடைத்துக்கொண்டே இருந்தால் சர்க்கரை நைசாக இல்லை. வீட்டில் பொடித்தது என்றால் ஒரு கப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) சேர்த்துப் பொடித்து, வெள்ளை வேட்டித் துணியில் சலியுங்கள். வேலை செய்யாத நேரத்தில் கிண்ணத்தை ஈரத்துணியால் மூடுங்கள். மேலே ஏடு கட்டினால் அதுவும் அடைக்கும்.

இப்போது சிவப்புத் தொப்பி விவகாரம். வெள்ளை மேல் சிவப்பு கலங்கினால் காரணம் ஒன்று அவசரம், இன்னொன்று வண்ணம் அதிகம். அடிப்பூச்சு எட்டு மணி நேரமாவது காய வேண்டும். மழைக்காற்று நாளில் ஓர் இரவு முழுக்க. மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளிர்நிறங்களை முதலில் முடித்துவிட்டு சிவப்பையும் கரும்பச்சையையும் கடைசியில் வையுங்கள். குப்பியில் வரும் தண்ணீர்க் கலரை விட்டுவிட்டு ஜெல் கலர் எடுங்கள். பாரிமுனைப் பக்கம் பேக்கரி சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். லேபிள் இல்லாத பொட்டலக் கலர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முக்கியமாக, சிவப்பு வரும்வரை ஜெல்லைப் பிழிந்துகொண்டே இருக்காதீர்கள். கரும் ரோஸ் வந்ததும் நிறுத்தி மூடி வைத்தால் சில மணி நேரத்தில் தானாகவே சிவப்பு ஏறும். கலர் கூடினால் காய்வதும் தாமதம், நாக்கில் கசப்பும்.

காயவைப்பது எங்கே? ஃப்ரிட்ஜில் மட்டும் வேண்டாம். வெளியே எடுத்த நிமிடமே வேர்த்து, அத்தனை வண்ணமும் ஓடும். ஜன்னலோரமும் எனக்குச் சரிப்படவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரிப் புழுதி வெள்ளை ஐசிங்கில் மிளகுத்தூள் தூவின மாதிரி உட்கார்ந்துவிட்டது, ஒரு வருடம். கதவைச் சாத்திய அறையில், டேபிள் ஃபேன் பக்கவாட்டிலிருந்து வீசும்படி வையுங்கள். ஏசி இருக்கிற வீட்டில் டிரை மோடில் போட்டால் பாதி நேரம் போதும். நிரப்பிய சின்னக் குழிகள் காயும்போது நடுவில் பள்ளம் விழுகிறது என்றால், நிரப்பிய உடனே ஃபேனுக்கு முன்னால் வைக்கவில்லை என்று அர்த்தம். மேல்தோல் சீக்கிரம் கட்டிவிட்டால் பள்ளம் விழாது. அவனை 60 டிகிரியில் வைத்து, கதவைத் திறந்தபடி பத்து நிமிடம் காட்டினாலும் அதே பலன்.

இரண்டு நாள் கழித்து ஐசிங்கில் எண்ணெய்க் கறை மாதிரித் திட்டு தெரிந்தால் குக்கீ சூடாக இருக்கும்போதே பூசியிருக்கிறீர்கள், அல்லது வெண்ணெய் கூடுதல். தின்னத் தடையில்லை.

அச்சு முறுக்கு அச்சை விட்டு வரமாட்டேன் என்கிறது, கல்கல் கடிக்க முடியவில்லை

இது அவன் சமாசாரம் இல்லை, எண்ணெய்ச் சட்டி சமாசாரம். கல்கல் என்பது முள்கரண்டியில் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரைப் பாகு பூசுகிற சின்னப் பலகாரம். ஆனால் இவை இல்லாமல் எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் தட்டு நிரம்பாது. சிலர் ரோஸ் குக்கீ என்பதே இந்த அச்சு முறுக்கைத்தான்.

புது அச்சு என்றால் முதல் நாள் இரவே எண்ணெயில் முக்கி வையுங்கள். முதல் நான்கைந்து முறுக்கு பிய்ந்துதான் வரும், அதற்குக் கவலை வேண்டாம். பழைய அச்சும் ஒட்டினால் அது சூடாகவில்லை: ஒவ்வொரு முறையும் எண்ணெயில் வைத்துச் சூடேற்றி, மாவில் முக்க வேண்டும். முக்கும்போது சுர்ரென்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதுதான் அடையாளம். அச்சு ரொம்பக் கொதித்திருந்தால் மாவு பிடிக்காமல் கிண்ணத்திலேயே தங்கிவிடும். முக்கால் பங்கு மட்டும் முக்குங்கள். மேல்விளிம்பை மாவு மூடினால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொள்ளும், குச்சியால் தட்டினாலும் இறங்காது. பாதி ஈட்டுக்கு அப்புறம் முறுக்கு மெத்தென்று ஆகிறதா? அரிசி மாவு கிண்ணத்தின் அடியில் தங்கிவிட்டது, கலக்கிவிட்டு முக்குங்கள். சீக்கிரம் கறுத்து, ஆறியும் மொறுமொறுப்பு வராவிட்டால் சர்க்கரை அதிகம். கொஞ்சம் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்த்தால் சரியாகும்.

கல்கல் கல்லானால் மறுபடி அந்தப் பிசைகிற கைதான் காரணம், அல்லது மாவில் நெய் குறைவு. எண்ணெயில் சுருள் பிரிந்தால் முள்கரண்டியில் உருட்டியபின் ஓரத்தை அழுத்தவில்லை. எண்ணெய் குடித்தால் தீ குறைவு. சர்க்கரைப் பூச்சு பிசுபிசுக்கிறது என்றால் பாகு ஒரு கம்பிப் பதத்திலேயே இறக்கிவிட்டீர்கள். இரண்டு கம்பி வந்தபின் கல்கல்லைப் போட்டு, விடாமல் குலுக்கினால் பாகு பூத்து வெள்ளையாகும். பூக்காமல் போனால் திரும்ப அடுப்பில் ஏற்றி ஒரு நிமிடம் புரட்டுங்கள்.

காலையில் எழுந்து பார்த்தால் எறும்பு

இரவு முழுக்கக் காயவைத்த ஐசிங் எறும்புக்கும் திருவிழாதான். அகலமான தாம்பாளத்தில் ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, நடுவில் டபராவைக் கவிழ்த்து, அதன்மேல் குக்கீத் தட்டை வையுங்கள். தட்டின் ஓரம் சுவரிலோ ஃபேன் வயரிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை அந்த வயரை மறந்தேன். அவ்வளவு தண்ணீரின் ஈரத்தால் ஐசிங் கெடுமோ என்று பயப்பட வேண்டாம், ஃபேன் ஓடினால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் தட்டை உதறாதீர்கள். ஃபேன் வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு குக்கீயாக எடுத்து வேறு தட்டுக்கு மாற்றுங்கள். சிவப்புத் தொப்பிகளைக் கடைசியில், கை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு.